நூலை அறுத்துத் தரமாட்டேன்

மகன்,

நீ கேட்ட வெள்ளை நூலை நான் அனுப்பப் போவதில்லை. அதைப் பற்றி நீ கேட்ட ஒரு வரியையும் எழுதித் தரப் போவதில்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "பொறுங்கோ அம்மா, விளங்கப்படுத்திறன்" என்று தொடங்குவாய். நான் பேசாமல் இருந்துவிடுவேன். பேசாமல் இருந்ததை நீ சம்மதம் என்று எடுத்துக்கொள்வாய். உன்னைப் பெற்றவளுக்கு வாய் திறந்து வாதாட வராது, எழுத வரும். ஆகவே எழுதுகிறேன். இங்கே ஒரு பத்திரிகைக்கும் இதன் பிரதியைக் கொடுக்கப் போகிறேன். அது என்ன என்கிற, நீ கேட்ட அதே கேள்வியை முப்பது வருடமாக என்னிடம் கேட்டவர்கள் பலர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

அடுத்த மாதம் ரொறன்ரோவில் உன் முதல் தனிக் கண்காட்சி. பழைய இரும்பு, மெழுகு, கிழிந்த சேலை, கண்ணாடித் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து நீ நிமிர்த்தி வைத்திருப்பவற்றின் படங்களை அனுப்பியிருந்தாய். ஒன்றும் ஒன்றைப் போல இல்லை. எனக்குச் சந்தோசம். அவற்றுக்கு நடுவில், எங்கள் வளவு வேம்பின் கீழ் நான் செய்து நிறுத்திய பனங்குற்றியின் படத்தையும் நீ அங்கே காட்டியிருக்கிறாய். கண்காட்சியை ஒழுங்கு செய்கிற பெண்மணி அதில் கட்டியிருக்கிற வெள்ளை நூலைப் பார்த்துவிட்டு, அதுதான் வாசலில் இருக்க வேண்டும் என்றாராம். கண்ணாடிப் பெட்டிக்குள் நூல், அருகே ஒரு பலகை. தமிழ்ப் பெண் செய்த சிற்பத்தில் சிங்களச் சிப்பாய் ஒருவன் கட்டிவிட்டுப் போன பிரித் நூல், பௌத்த பிக்குமார் ஓதிக் கொடுக்கிற காப்பு நூல், என்று அதில் எழுதுவார்களாம். "அதைப் பாக்கிற சனம் அழும் எண்டு அவ சொல்லுறா அம்மா" என்றாய். சனம் அழட்டும், அழாமல் போகட்டும். அந்த நூலைக் கட்டியது ஆர் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அழ வைப்பதற்காக அதைத் தெரிந்துகொண்டதாகச் சொல்ல என்னால் ஏலாது.

அந்தக் குற்றி எப்படி வந்தது என்று உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. சிறுவயதில் நீ அதில் ஏறி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாய். பிறகு அதற்குக் கல்லால் எறிந்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது நீயும் இதே வேலைக்கு வந்துவிட்டாய் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் நட்டுப் பிழைத்த குடும்பம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு, கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய சொந்தக்காரரால் ஊர் நிறைந்திருந்த காலத்தில், எனக்குக் கம்பஸ் கிடைத்தது. உன் தாத்தாவை, என் ஐயாவை, சந்தையில் நிறுத்தி, பெட்டை என்ன படிக்கிறாள் என்று கேட்பார்கள். ஐயா தலையைச் சொறிந்துகொண்டு, "சித்திரம்" என்பார். "படம் கீறவோ கம்பஸுக்கு விட்டனி? கீறுறதுக்கு உங்கடை வீட்டுச் சுவர் காணாதே?" என்று ஒருவர் கேட்டதை வீட்டில் வந்து அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் என்னைப் பார்த்து, "அப்ப என்ன தான் படிக்கிறாய் மோனை?" என்று கேட்டார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. வகுப்பிலும் நான் வாய் திறந்ததில்லை. பின்வரிசை வாங்கில் இருந்து மற்றவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பொருளைச் செய்யலாம், அது இன்னொன்றின் உருவமாக இருக்கத் தேவையில்லை என்பதை அங்கே தான் அறிந்தேன். அறிந்தபோது, யாரோ என்னை ஒரு கதிரையில் இருத்திவிட்டு, இனி நீ எழும்ப வேண்டாம் என்று சொன்னது போல இருந்தது. பதில் வராவிட்டாலும் கேட்கிற கேள்விக்கெல்லாம் எழும்பி நின்றே வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உனக்கு விளங்கும்.

படிப்பு முடிந்து, மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சராகப் போனபோது வடக்குக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை வந்துவிட்டது. சீமெந்து இல்லை, சாந்து இல்லை, பெயின்ற் இல்லை. பிள்ளைகள் அடுப்புக் கரியால் கீறினார்கள். சிற்பம் என்று நான் படித்ததெல்லாம் சீமெந்திலும் களிமண்ணிலும் தான். இல்லாத சாமானுக்காக ஏங்கிக்கொண்டிருந்தால் கை மறந்துவிடும் என்று பயமாக இருந்தது. ஆகவே வளவில் கிடந்ததைப் பார்க்கத் தொடங்கினேன். கறையான் அரிக்காத வைரம் பாய்ந்த பனங்குற்றி ஒன்று வேலியோரம் கிடந்தது. ஷெல் துண்டுகள் பட்டு ஓட்டை விழுந்த தகரம் ஒன்று மாட்டுக்கொட்டில் கூரையில் இருந்து கழற்றப்பட்டுக் கிடந்தது. ஒட்டுப் போட இடமில்லாத சைக்கிள் ரியூப். வெங்காயச் சருகு, அது எங்கள் வீட்டில் எப்போதும் மலையாகக் கிடக்கும்.

மகன், சாமான்களுக்கு வாய் உண்டு. நாம் பேசுவதற்கு முன்னர் அவை பேசிவிடும். அந்த ஓட்டைத் தகரத்தை எங்கே நிமிர்த்தி வைத்தாலும் பார்க்கிறவர்கள் "ஷெல்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே விடையாகிக்கொண்டிருந்தது. ஓட்டை ஓட்டையாக இருக்கக் கூடாதா? வேப்பம் பிசினைக் கரைத்து, வெங்காயச் சருகுகளை ஒன்றன் மேல் ஒன்றாகத் தகரத்தின் பின்பக்கம் ஒட்டினேன். காலை வெயில் பின்னாலிருந்து அடித்தபோது ஒவ்வொரு ஓட்டையும் இளஞ்சிவப்பாக எரிந்தது. புண் என்றும் சொல்லலாம், பூ என்றும் சொல்லலாம், விளக்கு என்றும் சொல்லலாம். எதையும் சொல்லி முடிக்க முடியாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன்.

வேம்பின் கீழே குழி வெட்டிக் குற்றியை நிமிர்த்தியது ஐயா தான். தகரத்தை அதன் மேல் சரித்துக் கட்டி, ரியூப்பைக் கீற்றுக் கீற்றாக வெட்டி வரிந்தேன். ஆளின் உயரத்துக்கு மேலே நின்றது. ஐயா சுற்றிவந்து பார்த்தார்.

"பிள்ளை, உது என்ன?"

"தெரியாது ஐயா."

"செய்யிற உனக்குத் தெரியாட்டி ஆருக்கடி தெரியும்?"

அதற்குப் பிறகு அவர் என்னைக் கேட்கவில்லை. ஆனால் ஒழுங்கையால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டி அவரைக் கேட்டார்கள். பேசாமல் இருக்க அவருக்கு வராது. ஒருவருக்கு, காகம் கலைக்கிற வெருளி என்றார். இன்னொருவருக்கு, கிணற்றுக்குப் பூட்டுகிற புது மெசின் என்றார். என் பள்ளிக்கூட அதிபருக்கு, "பிள்ளையின்ரை மேல்படிப்பு" என்றார். "ஏன் ஐயா பொய் சொல்லுறியள்?" என்று கோபித்தேன். "நான் எங்கை பொய் சொன்னன்? கேக்கிறவன்ரை முகத்தைப் பாத்து, அவனுக்கு எது வயித்திலை சமிக்குமோ அதைச் சொன்னன்" என்றார்.

எல்லாரும் சமித்துக்கொண்டார்கள், பக்கத்து வளவுத் தங்கம்மாக்காவைத் தவிர. அவருடைய புருசன் துரைசிங்கம் அண்ணை, கிளாலிக் கடலால் அக்கரைக்குப் போய்ச் சாமான் கொண்டு வந்து விற்கிறவர். அந்தக் கடலில் வள்ளங்கள் சுடப்பட்ட காலம். போனவர் சொன்ன நாளைத் தாண்டியும் வரவில்லை. தங்கம்மாக்கா கோயில் கோயிலாக நேர்ந்துவிட்டு, கடைசியில் ஒரு விடியற்காலையில் எங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால், ஆள் நுழைகிற அந்த ஓட்டையால், வந்து, நான் செய்து வைத்திருந்ததன் அடியில் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துக் கும்பிட்டிருக்கிறார். பிழை அவருடையது இல்லை. எங்கள் ஊர்களில் மரத்தின் கீழே எது நட்டமாக நிமிர்ந்து நின்றாலும் அது வைரவர் தான். ஒரு கல், ஒரு சூலம், சிலவேளை ஒரு வெறும் கட்டை. முகமும் கையும் காலும் இல்லாததைக் கும்பிடுவதற்கு எங்கள் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. நான் கம்பஸுக்குப் போய்ப் படித்ததை அவர்கள் பிறக்கும்போதே வைத்திருந்தார்கள்.

துரைசிங்கம் அண்ணை வந்துவிட்டார். கால் வீங்கி, மூட்டை ஒன்றும் இல்லாமல், ஆனால் உயிரோடு வந்தார். அதற்கு அடுத்த நாள் காலை நான் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போகிறேன், என் தகரத்தின் கழுத்தில் ஒரு வடைமாலை தொங்குகிறது. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் துளித்துளியாக இருந்த காலம் அது. உழுந்தைக் கண்ணால் கண்டு கனநாள். அந்த மனுசி எங்கே கடன்பட்டுச் சுட்டாவோ தெரியாது, ஒவ்வொரு வடையும் பொன்னிறமாக இருந்தது. எண்ணெய் வடிந்து என் வெங்காயச் சருகில் பட்டு, அந்த இடம் மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அக்கா, இது சாமி இல்லை. நான் செய்தது" என்றேன்.

"நீ செய்தனீதான். ஆர் இல்லையெண்டது? செய்து போட்டு நீ பள்ளிக்கூடம் போயிட்டாய். அவர் வந்து இருந்திட்டார்."

"தகரத்திலையோ?"

"உனக்கென்ன, தங்கத்திலை இருந்தால் தான் மரியாதையோ? இந்தா, வடையைப் பிடி. கதை பறையாமல் தின்."

தின்றேன். நல்ல வடை.

கதை பரவியது. புருசனைத் தேடுகிறவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றவள், வெளிநாட்டுக்குப் போக வழி பார்க்கிறவன் என்று ஆட்கள் வேலிப் பொட்டால் வந்தார்கள். நான் ஒரு பொறியில் மாட்டிக்கொண்டேன். இது சாமி இல்லை என்று உரத்துச் சொன்னால், அடுத்த கேள்வி "அப்ப என்ன?" என்பது. அதற்கு ஒரு விடை கொடுத்தால், நான் செய்தது அந்த விடையாகச் சுருங்கிவிடும். சொல்லாமல் விட்டால் வைரவராகவே இறுகிவிடும். இரண்டு பக்கத்தாலும் அது செத்துப் போகும். நீ இதைச் சின்னக் காரியம் என்று நினையாதே. அந்த நாட்களில் ஒவ்வொருவரும் நீ ஆர், எந்தப் பக்கம், எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று ஓயாமல் விடை சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் வளவில் விடை சொல்லத் தேவையில்லாமல் நின்றது அது ஒன்று தான். அதையும் விட்டுக்கொடுத்தால் எனக்கென்று என்ன மிச்சம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மனேச்சர் வந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டு, செருப்பைக் கழற்றுவதா விடுவதா என்று கொஞ்சம் யோசித்து, ஒன்றைக் கழற்றிய நிலையில் நின்றார். அதே நேரத்தில், அந்தக் காலத்தில் ஊர்க் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்கப் பொடியளில் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைவிட இளையவர், மரியாதையானவர். அதற்கு முதல் கிழமையும் வந்து பார்த்துவிட்டுப் போனவர் தான்.

"ரீச்சர், இதைச் சந்திக்குக் கொண்டு போய் வைப்பம். பிள்ளையைப் பாத்துக்கொண்டு நிக்கிற தாய். கீழை நாலு வரி எழுதினால் சரி" என்றார்.

"சந்திக்கோ? வடைமாலை சாத்தினதைச் சந்திக்கு இழுக்கிறதோ?" என்றார் மனேச்சர். "தம்பி, முறை ஒண்டு கிடக்கு. ஒண்டில் குருக்களைக் கூப்பிட்டுப் பிரதிட்டை செய்ய வேணும், இல்லாட்டிப் பிடுங்கிப் போட வேணும்."

"தாயெண்டால் வடை ஏன் ஐயா?" என்றார் அந்த இளைஞர்.

"அதைத்தான் நானும் சொல்லுறன். இது தாயில்லை."

"அப்ப வைரவரோ?"

"நான் அப்பிடியும் சொல்லேல்லை!"

தங்கம்மாக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ரை மனுசன் திரும்பி வந்தவர். வேறை என்ன அத்தாட்சி வேணும்?" என்றார். துரைசிங்கம் அண்ணை அவருக்குப் பின்னால் வீங்கின காலோடு நின்று, தன்னை அத்தாட்சியாகக் காட்டியதில் வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்தார். கடைசியில் மனேச்சர் தான், "பிள்ளை சொல்லட்டும். செய்தது அவ தானே" என்றார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

அந்தக் கணத்தை நான் மறக்கவில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பிவிடலாம். தாய் என்று சொன்னால் அந்த இளைஞர் சந்தோசமாகப் போவார். சாமி இல்லை என்றால் மனேச்சர் போவார். அழகுக்குச் செய்தேன் என்றால் எல்லாருமே சிரித்துவிட்டுப் போவார்கள்.

"நான் சொல்ல மாட்டன்" என்றேன்.

"தெரியாதோ, சொல்ல மாட்டியோ?" என்றார் மனேச்சர்.

"ரெண்டும்."

அந்த இளைஞர் சிரிக்கவில்லை. "ரீச்சர், சனம் ஒரு ரியூப் துண்டுக்கு அலையுது. ஒரு கருத்தும் இல்லாததுக்கு நீங்கள் இவ்வளவு சாமானைக் கட்டி வைச்சிருக்கிறியள்" என்றார். அது பட்டது. அது நியாயமில்லாத சொல் இல்லை. இன்றைக்கும் அதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் இவ்வளவு மட்டும் அப்போதே எனக்குத் தெரியும். இருக்கிற எல்லாச் சாமானையும் தேவைக்கே கொடு, எல்லாச் சொல்லையும் ஒரு கருத்துக்கே கொடு என்று கேட்கிற காலத்தில், ஒரு முழக் கிழிந்த ரியூப்பையாவது கொடாமல் வைத்திருக்க எனக்கு உரிமை இருக்கிறது. அதை அவருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். ஐயா தான் நடுவில் வந்தார்.

"தம்பியவை, அவ சொல்ல மாட்டன் எண்டால் சொல்ல மாட்டாள். படம் கீறப் போக வேண்டாமெண்டு மூண்டு நாள் நான் மறிச்சனான். உப்பிடித்தான் நிண்டவள். வெயிலாக் கிடக்கு, மோர் குடியுங்கோ."

மோர் குடித்தார்கள். அடுத்த ஞாயிறு முடிவு சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டே போனார்கள்.

அவர்கள் போன பிறகு நான் வேம்பின் கீழே இருந்தேன். வாயால் முடியாததைக் கையால் செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. எதைச் சேர்த்தால் அது தாயாகவும் இருக்காது, வைரவராகவும் இருக்காது, ஆனால் இரண்டையும் துரத்திவிடவும் செய்யாது? நான் முன்பே கண் வைத்திருந்த சாமான் ஒன்று இருந்தது. எங்கள் வோட்டர் பம்பின் நீண்ட கறுப்புக் குழாய். மண்ணெண்ணெய் இல்லாததால் பம்ப் சாக்கு மூடிக் கிடந்தது. ஐயா திரும்பவும் கிணற்றுத் துலாவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாயைக் கேட்க நான் துணியவில்லை. அதைத் தொட்டால், இனி எண்ணெய் வராது என்று அவருடைய முகத்துக்கு நேரே சொல்வதாகும். தினமும் அதைத் தூசி தட்டி வைக்கிறவர் அவர்.

ஐயா கொட்டிலுக்குள் போனார். குழாயை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார்.

"இதைத்தானே பாத்துக்கொண்டு திரிஞ்சனீ?"

"எண்ணெய் வந்தால், ஐயா?"

"வந்தால் கழட்டுவம். வராட்டி நிக்கட்டும்." குழாயின் நுனியை எடுத்து என் கையில் தந்து, "வெட்டாமல் சுத்து" என்றார்.

வெட்டாமல் சுற்றினேன். அடியிலிருந்து மேலே, தகரத்துக்குள்ளால், ஒரு ஓட்டையால் வெளியே, திரும்ப உள்ளே. குழாயின் வாய் கடைசியில் ஒழுங்கையைப் பார்த்துத் திறந்திருந்தது. பிள்ளைகள் அதில் காதை வைத்துக் கேட்டார்கள், வாயை வைத்துக் கத்தினார்கள். அடுத்த ஞாயிறு மனேச்சர் வந்து, "உது என்ன, வைரவருக்குக் குடலோ?" என்று கேட்டுவிட்டு, இந்த முறை செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனார். அந்த இளைஞர் கனநேரம் நின்றார். "இப்ப தாய் மாதிரி இல்லை" என்றார். பிறகு குனிந்து குழாயின் வாயில் காதை வைத்தார். என்ன கேட்டதென்று அவர் சொல்லவில்லை. போய்விட்டார், திரும்பி வரவில்லை. அவர் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தங்கம்மாக்கா மட்டும் அடுத்த நாளும் பூ வைத்தார். "குழாய் சுத்தினாப்போலை எழும்பிப் போயிடுவாரோ?" என்றார். அது எனக்குச் சரியாகப்பட்டது. அவருக்கு மட்டும் அது வைரவராக இருப்பதில் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. எல்லாருக்கும் அதுவாக மட்டுமே இருக்க வேண்டும் என்றபோது தான் நான் மறுத்து நின்றேன்.

உன் அப்பா என்னைப் பெண் பார்க்க வந்த கதையையும் இங்கே சொல்ல வேண்டும். வருகிறவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று ஐயா பதற்றத்தில் ஒரு புதுப் பொய்யைத் தயாராக வைத்திருந்தார். உன் அப்பாவோடு வந்த பெரியவர்கள் எல்லாரும் கேட்டார்கள். உன் அப்பா கேட்கவில்லை. சுற்றி வந்தார், ரியூப்பின் முடிச்சை விரலால் அழுத்திப் பார்த்தார். போகும்போது என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "மழைக்கு இந்தச் சருகு என்ன ஆகும்?" "போயிடும். பிறகு புதுசு ஒட்டுவன்" என்றேன். "ஓம்" என்று தலையாட்டினார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் சம்மதம் சொன்னேன் என்று நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை. நீயும் ஒருத்தியைத் தேடுகிறாய் என்று அறிகிறேன். உன் வேலையைப் பார்த்து இதன் கருத்து என்ன என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர் வருவார்கள். மழைக்கு என்ன ஆகும் என்று கேட்கிறவளைப் பார்த்துக்கொள்.

தொண்ணூற்றைந்தில், ஆமி வருகிறது என்று எல்லாரும் ஒரேயடியாக இடம்பெயர்ந்தபோது நீ கைப்பிள்ளை. மழை. ஒழுங்கை வாசலில் ஐயா நின்று, "குழாயைக் கழட்டுவமோ மோனை? அங்கால் பக்கம் எண்ணெய் கிடைச்சால் உதவும்" என்றார். அத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் அதை நினைத்துக்கொண்டிருந்தார். "நிக்கட்டும் ஐயா" என்றேன். கொடிகாமத்தில் ஒருவருடைய வளவில், தென்னோலைக் கொட்டிலில் மாதக்கணக்காக இருந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவு நிலைகள் இல்லை. சுவரில் சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது. தகரத்தை யாரோ கொண்டு போய்விட்டார்கள். சருகு இல்லை. குழாய் இருந்தது, குற்றி இருந்தது. குற்றியில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு வெள்ளை நூல் சுற்றி, சின்ன முடிச்சுகள் போட்டு, பொறுமையாகக் கட்டப்பட்டிருந்தது. அதை நான் கட்டவில்லை. எங்கள் வீட்டில் எவரும் கட்டவில்லை.

துரைசிங்கம் அண்ணை கண்டதும் கொதித்தார். "இது ஆமிக்காரன் கட்டினது. பிரித் நூல். அறுத்தெறி பிள்ளை." தங்கம்மாக்கா, "வைரவருக்கு ஆரோ நேர்த்திக்குக் கட்டினது. கையை வையாதையுங்கோ" என்றார். ஐயா நூலை நெருடிப் பார்த்து, "பட்டம் விட்ட நூல். எங்கடை பொடியள் ஆரோ போற வழியிலை சுத்தி விட்டிருக்கிறான்" என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணை கத்தியோடு நின்றார். வீட்டை உடைத்தவர்கள் மேல் எனக்கிருந்த கோபம் அவருடையதைவிடக் குறைந்ததில்லை. ஆனால் அந்த நூலைக் கட்டியவர், அவர் எவராக இருந்தாலும், இது என்ன என்று கேட்காமல் என்னுடைய வேலையில் தன் கையால் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். "அது நிக்கட்டும்" என்றேன். கொஞ்சக் காலம் அண்ணை என்னோடு கதைக்கவில்லை. ஊரில் சிலர் என்னைப் பற்றிக் கதைத்தார்கள். கதைக்கட்டும்.

இப்போது நீ அதே கத்தியோடு வருகிறாய், மகன். கையில் பூவோடு வருகிறாய் என்பது தான் வித்தியாசம். அண்ணை, ஆமிக்காரன் நூல் என்று வெறுத்து அறுக்கப் பார்த்தார். உன் கண்காட்சி ஆட்கள், ஆமிக்காரன் நூல் என்று மெச்சி அறுக்கப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் நூல் அறுந்துவிடும். போன கிழமை, நீ கேட்டாய் என்பதற்காக முடிச்சை அவிழ்க்க முடியுமா என்று நகத்தால் பார்த்தேன். வெயிலும் மழையும் பட்டு அது மரத்தோடு மரமாகிவிட்டது. அறுத்தால் தான் வரும். அறுக்க மாட்டேன்.

உன்னைப் பெற்றவள் என்ற முறையில் இரண்டு சொல். உன் இரும்பையும் மெழுகையும் பார்த்து நீ எந்த நாட்டின் துயரம் என்று அங்கே கேட்பார்கள். அகதியா, போரா, அம்மாவின் கண்ணீரா என்று தெரிவு செய்யச் சொல்வார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் மனேச்சரும் கெட்டவர் இல்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்ப உனக்கும் மனம் வரும். சொல்லாதே. பலகை வைக்கத்தான் வேண்டும் என்றால், என்னென்ன சாமான் என்று எழுது. இரும்பு, மெழுகு, சேலை, கண்ணாடி. மழைக்கு அது என்ன ஆகும் என்று எழுது. அதற்கு மேலே ஒரு சொல்லும் வேண்டாம். அதற்காக அவர்கள் வாசலில் இடம் தராவிட்டால் பின்கட்டில் வை. பின்கட்டும் இல்லையென்றால் வீட்டுக்குக் கொண்டு வா. வேம்பின் கீழே இடம் கிடக்கிறது.

தங்கம்மாக்கா போய்க் கனகாலம். துரைசிங்கம் அண்ணையும் இல்லை, ஐயாவும் இல்லை. பக்கத்து வளவில் இப்போது வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எங்களோடு அதிகம் கதைக்கிறதில்லை. இன்று காலை நான் முற்றம் கூட்டப் போனபோது, குற்றியின் அடியில், நூலுக்கு நேர் கீழே, ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது. பனி காயாத புதுப் பூ. வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பூவைத் தொடாமல் விலத்திக் கூட்டிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

உன் அம்மா